கத்தும் கிராபிக்ஸ் கார்டு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யலாம், தேவைப்பட்டால் மாற்றலாம்

"கிராபிக்ஸ் கார்டு ரொம்பக் கத்துது, இருபதாயிரத்துக்குள்ள சத்தமில்லாம ஒண்ணு சொல்லுங்கண்ணே" என்று யாராவது கேட்டால், கார்டு பெயரைச் சொல்வதற்கு முன் சத்தத்தைப் பற்றித்தான் விசாரிப்பேன். இரைச்சலா, கீச்சென்று வருகிறதா, கடகடவென்று அடிக்கிறதா? கேம் போட்டால் மட்டுமா, சும்மா இருக்கும்போதும் உண்டா? சித்திரை வைகாசியில் மட்டும்தானா, மார்கழியிலும் கேட்கிறதா? இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் பலருக்குப் புது கார்டே தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களுக்கும் எதை வாங்குவது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டைக் காற்று எடுத்துப்போக வேண்டும், அதற்கு ஃபேன் சுற்ற வேண்டும். வாட் குறைவாகவும் ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றுக்கு விடும் உலோகத் தகடுகள்) பெரிதாகவும் இருந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும். பெட்டியின் மேல் 'சைலண்ட்' என்று அச்சடித்திருப்பதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

சத்தம் வருகிறது, எதிலிருந்து என்று தெரியவில்லை

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போக வேண்டாம். கேபினட்டுக்குள் சத்தம் போடக்கூடியவை பல: பிராசசர் ஃபேன், எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) ஃபேன், கேபினட் ஃபேன், பழைய ஹார்ட் டிஸ்க், அப்புறம் கிராபிக்ஸ் கார்டு. பழி மட்டும் எப்போதும் கார்டின் மேல் விழுகிறது.

தெரு அடங்கிய பிறகு, சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிக் கேளுங்கள். ஒரு தாளைக் குழல் போலச் சுருட்டிக் காதில் வைத்து ஒவ்வொரு பாகத்தின் அருகிலும் கொண்டுபோனால் ஓரளவு தெரிந்துவிடும். உறுதி செய்ய எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். வேறு கம்பெனி கார்டுகளிலும் அது வேலை செய்யும். கேம் ஓடும்போது கார்டு ஃபேன் வேகத்தைக் கையால் 70 சதவீதத்துக்கு ஏற்றி, பிறகு சில நொடிகள் மட்டும் 40-க்கு இறக்கிப் பாருங்கள். சத்தமும் சேர்ந்து மாறினால் கார்டுதான். மாறவே இல்லையென்றால் கார்டு குற்றவாளி இல்லை.

அப்படி இல்லாத இடங்களில் பெரும்பாலும் சிக்குவது பிராசசருடன் பெட்டியிலேயே வரும் சின்ன கூலர். இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று சரியாக இறங்காமல் இருந்தாலும் பிராசசர் சூடேறி, ஃபேன் முழு வேகத்தில் ஓடும். பின்னை அழுத்திப் புதிதாகத் தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பசை) தடவினால் தீர்ந்துவிடும். இதற்குப் போய் யாரும் கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கூடாது.

கேம் போட்ட சில நிமிடங்களில் பெரிய இரைச்சல்

அதிகம் பேர் சொல்வது இதைத்தான். இதில் சரிசெய்ய நிறைய இடம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் தகட்டைக் கழற்றும் சோதனை. கேபினட்டை மூடி அரைமணி நேரம் கேம் ஓட்டி, கார்டின் வெப்பத்தையும் ஃபேன் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தகட்டைக் கழற்றிவிட்டு அதே கேமை அதே நேரம் ஓட்டுங்கள். வெப்பம் நன்றாக இறங்கி இரைச்சலும் குறைந்தால், குறை கேபினட்டின் காற்றோட்டத்தில் இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து, உள்ளே வண்ண விளக்கு எரிகிற கேபினட்டுகளில் இது சகஜம். ஃபேன் இருக்கும், காற்று நுழைய வழி இருக்காது. கம்ப்யூட்டர் மேசையின் கதவு வைத்த அடி அறைக்குள் சிபியுவைத் தள்ளி வைத்திருந்தாலும் இதே கதைதான். முன்பக்கம் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் சேர்ப்பதற்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். அதைச் செய்யாமல் இதே கேபினட்டுக்குள் புது கார்டை மாட்டினால் அதுவும் கத்தத்தான் செய்யும்.

அடுத்தது தூசி. ரோட்டோர வீடுகளிலும், எங்கள் மதுரையை அடுத்த மேலூர்ப் பக்கம் லாரி ஓடும் சாலைகளை ஒட்டிய வீடுகளிலும், சில மாதங்களிலேயே ஹீட்சிங்க் இடுக்கில் கம்பளி மாதிரிப் படிந்துவிடும். சிஸ்டத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கார்டை வெளியே எடுத்து மென்மையான பிரஷ்ஷாலும் கையடக்க ப்ளோயராலும் சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் அது தறிகெட்டுச் சுற்றிப் பேரிங் கெடும். பஞ்சர் கடைக் கம்ப்ரசருக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் வரும், அழுத்தமும் மிக அதிகம். தயவுசெய்து வேண்டாம்.

கார்டு வாங்கி நான்கைந்து வருடம் ஆகி, சுத்தம் செய்த பிறகும் சூடு குறையவில்லையென்றால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். மாற்றும்போது மெமரி சிப்களின் மேல் இருக்கும் தெர்மல் பேடுகள் கிழிந்தால் அதே தடிமனில்தான் புதிது வைக்க வேண்டும். தடிமன் கூடினால் ஹீட்சிங்க் சிப்பின் மேல் சரியாக உட்காராது. வாரண்டி பாக்கி இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டிய ஸ்குரூவைத் தொடாதீர்கள்.

இனி காசே செலவில்லாத வேலை. உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால், கார்டு நொடிக்கு 140 ஃபிரேம் (படம்) வரைந்தாலும் திரை காட்டப்போவது 60 மட்டுமே. மீதி முழுவதும் சூடும் சத்தமும்தான். என்விடியா கண்ட்ரோல் பேனலில் அதிகபட்ச ஃபிரேம் ரேட் என்ற இடத்தில் 60 போடுங்கள். ஏஎம்டி கார்டு என்றால் அட்ரினலின் மென்பொருளில் ஃபிரேமுக்கு வரம்பு போட 'ரேடியான் சில்' என்ற வசதி இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்துக்கே இரைச்சல் அடங்கிய சிஸ்டங்கள் பல.

அதற்கு மேலும் குறைய வேண்டுமென்றால் ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை, அதாவது கார்டு இழுக்கக்கூடிய வாட்டின் வரம்பை, 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். வாட் ஐந்தில் ஒரு பங்கு குறையும், ஃபிரேம் அந்த அளவுக்குக் குறையாது. கார்டுகள் கடைசிக் கொஞ்ச வேகத்துக்காகத்தான் நிறைய மின்சாரம் தின்கின்றன. சில ஏஎம்டி கார்டுகளில் பவர் லிமிட் சிறிதளவே இறங்கும். அங்கே அட்ரினலினில் வோல்டேஜைப் படிப்படியாகக் குறைக்கலாம். கேம் நின்றுபோனாலோ திரையில் கோடு விழுந்தாலோ ஒரு படி மேலே வந்துவிடுங்கள்.

வாட் இறங்கிய பிறகு ஃபேன் வேகத்தையும் இறக்கலாம். ஃபேன் 2000 சுற்றிலிருந்து 1600-க்கு வந்தால் சுமார் 5 டெசிபல் குறையும் என்பது பொதுக் கணக்கு. காதுக்கு நன்றாகவே தெரியும் வித்தியாசம் அது.

வெயில் காலத்தில் மட்டும் கத்துகிறது

கார்டில் கோளாறு எதுவும் இல்லை, மதுரை வெயில்தான் காரணம். அதே வேலைக்கு, அதே ஃபேன் வேகத்துக்கு, கார்டு அறைச் சூட்டைவிட ஏறத்தாழ ஒரே அளவுதான் மேலே இருக்கும். 25 டிகிரி அறையில் 65 காட்டும் கார்டு, 35 டிகிரி அறையில் 75-ஐத் தொடும். உடனே ஃபேன் வேகம் ஏறும். வெளியே 40 டிகிரியை எட்டும் கத்திரி நாட்களில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை ராத்திரி பத்து மணிக்கும் தணிந்திருக்காது. பகல் முழுக்கச் சூட்டைக் குடித்த தளம் இரவில்தான் அதை இறக்கும்.

யூடியூப் விமர்சனங்களைப் பார்க்கும்போது இதைக் கணக்கில் வையுங்கள். பெரும்பாலான சோதனைகள் 20 முதல் 25 டிகிரி அறையில் நடக்கின்றன. அங்கே "சத்தமே இல்லை" என்று சொன்ன கார்டு நம் ஊர் மே மாதத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். டெசிபல் எண்களையும் இரண்டு இடங்களிலிருந்து எடுத்து ஒப்பிட வேண்டாம். மைக்கை ஒரு மீட்டரில் வைப்பதற்கும் அரை மீட்டரில் வைப்பதற்கும் 6 டெசிபல் வரை வித்தியாசம் வரும். ஒரே விமர்சகர் ஒரே முறையில் அளந்த பட்டியலை மட்டும் பாருங்கள்.

வெயிலுக்கென்று தனியாக ஒரு செட்டிங் வைத்துக்கொள்வது நல்லது. ஆஃப்டர்பர்னரில் ஐந்து புரொஃபைல் வரை சேமிக்கலாம். பங்குனி கடைசியில் 70 சதவீத பவர் லிமிட்டுக்கு மாறிவிட்டு, ஐப்பசி மழை பிடித்ததும் பழையபடி ஏற்றிக்கொள்ளுங்கள்.

கீச்சென்ற மெல்லிய ஒலி, ஃபேன் நின்றாலும் கேட்கிறது

இது காயில் வைன். கார்டில் மின்சாரத்தைச் சீராக்கும் சுருள்கள் அதிரும் ஒலி. கேம் மெனுவில், லோடிங் திரையில், வேலரண்ட் போன்ற லேசான கேம்களில் நொடிக்குப் பல நூறு ஃபிரேம் ஓடும்போது அதிகமாகக் கேட்கும். கார்டுக்கு இதனால் ஆபத்து எதுவும் இல்லை. ஃபிரேமுக்கு வரம்பு போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒரே மாடலில் ஒரு கார்டு கீச்சிடும், பக்கத்துப் பெட்டியில் இருக்கும் கார்டு கீச்சிடாது. அதனால் புது கார்டு வாங்கினால், மாற்றித் தரும் காலம் முடிவதற்குள் இதைக் கேட்டுப் பார்த்துவிட வேண்டும்.

சும்மா இருக்கும்போது ஃபேன் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது

இப்போதைய கார்டுகள் பலவற்றில் சூடு குறைவாக இருந்தால் ஃபேன் முழுவதும் நின்றுவிடும். 50, 60 டிகிரி பக்கம் வந்ததும் ஓடத் தொடங்கும். நம் ஊர் அறைச் சூட்டில் கார்டு அந்த எல்லையிலேயே ஊசலாடுவதால் விர்ரென்று கிளம்புவதும் நிற்பதுமாக இருக்கும். சீரான சத்தத்தைக் காது மறந்துவிடும், ஏறி இறங்கும் சத்தம் தூங்குகிறவரையும் எழுப்பும். எனக்குப் பிடித்த தீர்வு, ஃபேன் நிற்கும் வசதியை அணைத்துவிட்டு 30 சதவீதத்தில் எப்போதும் ஓடவிடுவது. அல்லது ஆஃப்டர்பர்னர் ஃபேன் வளைவில் ஹிஸ்டரிசிஸ் என்ற இடத்தில் 5 டிகிரி கொடுங்கள். ஏறிய வேகம், சூடு 5 டிகிரி குறைந்த பிறகுதான் இறங்கும்.

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்று கூடுதலாகப் பார்க்க வேண்டும். ஒன்று 144 ஹெர்ட்ஸ், மற்றது 60 என்று இருந்தால் சில கார்டுகளில் மெமரி வேகம் இறங்காமல் உச்சத்திலேயே நிற்கும். சும்மா இருக்கும்போதே வாட் எகிறும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

கடகட, கரகர

முதலில் ஏதாவது வயர் இறக்கையில் உரசுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது. தற்காலிகமாக ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடலாம். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, நாளடைவில் பிசினாகி ஃபேனையே இறுக்கிவிடும். நிரந்தரத் தீர்வு ஃபேனை மாற்றுவது. நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும், அதை வைத்து ஆன்லைனில் தேடினால் கிடைக்கும்.

வாரண்டி முடிந்த கார்டு என்றால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பிளாஸ்டிக் மூடியையும் சின்ன ஃபேன்களையும் கழற்றிவிட்டு, இரண்டு 92 அல்லது 120 மில்லிமீட்டர் கேபினட் ஃபேன்களை ஹீட்சிங்கின் மேல் கேபிள் டையால் கட்டி, மதர்போர்டில் செருகுவது. ஃபேன் கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருள், கார்டின் சூட்டுக்கு ஏற்ப அவற்றை ஓட்டும். பார்க்க அழகாக இருக்காது, கூடுதலாக ஒரு ஸ்லாட் இடமும் பிடிக்கும். ஆனால் ஆயிரத்துச் சொச்ச ரூபாயில் இவ்வளவு அமைதி வேறெதிலும் கிடைக்காது.

எல்லாம் செய்தாயிற்று, இன்னும் கத்துகிறது, கேமும் திக்குகிறது

இப்போது கார்டு மாற்றலாம். அதற்கு முன் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். கேபினட்டுடன் சேர்த்துத் தரும் மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட்தான் கைக்கு வரும். பிராசசருக்குப் போக மிச்சம்தான் கார்டுக்கு.

இந்த எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வசதி இல்லையென்றால் 75 வாட்டுக்குள் நில்லுங்கள். மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் தருவது அவ்வளவுதான், தனி வயர் வேண்டாம். புதிதாக வாங்குவதில் என் தேர்வு ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. 2024-ல் வந்தது, 70 வாட். இதில் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. 8 ஜிபி வைத்த பழைய 3050 என்பது வேறு கார்டு, அது 130 வாட் இழுக்கும், தனி வயரும் கேட்கும். கடையில் வெறுமனே "3050" என்று சொன்னால் எது என்று பெட்டியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். அப்புறம், ஒற்றைச் சின்ன ஃபேன் மாடலைத் தவிர்த்து இரண்டு ஃபேனும் நீளமான ஹீட்சிங்கும் உள்ள மாடலாக எடுங்கள். சில நூறு ரூபாய் கூடினாலும் அந்தக் காசுதான் அமைதியை வாங்குகிறது.

எஸ்எம்பிஎஸ் நல்லதாக இருந்தால் ஆர்எக்ஸ் 6600 பக்கம் வாருங்கள். 8 ஜிபி, 132 வாட், ஓர் 8 பின் வயர் வேண்டும், ஏஎம்டி கேட்பது 450 வாட் எஸ்எம்பிஎஸ். வாட் கூடுதல் என்று தயங்க வேண்டாம். 1080 (ஃபுல் எச்டி) திரையில் 60 ஃபிரேம் வரம்பு போட்டால், இது பல கேம்களில் பாதி மூச்சில் ஓடும். சக்தி குறைந்த கார்டு முழுத் திணறலில் ஓடுவதைவிட, சக்தி உள்ள கார்டு நிதானமாக ஓடுவது அமைதியானது. நான் அமைதிக்காக ஒரே ஒரு கார்டு சொல்ல வேண்டுமென்றால் இரண்டு ஃபேன் வைத்த ஆர்எக்ஸ் 6600-தான்.

கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்கு என் பதில் மாறும். அவர்களுக்கு என்விடியாவின் வீடியோ என்கோடரும் (வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் பகுதி) எடிட்டிங் மென்பொருள்களில் அதற்கு இருக்கும் ஆதரவும் முக்கியம். 3050 6 ஜிபியே போதும். ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டையும் அவர்கள் தொடவே வேண்டாம், அவற்றில் வீடியோ என்கோடரே கிடையாது. 4 ஜிபி மெமரியும், மதர்போர்டோடு நான்கே லேன் (தகவல் போகும் பாதை) இணைப்பும் இருப்பதால், ஸ்லாட் வேகம் குறைந்த பழைய பிசிஐஇ 3 மதர்போர்டில் கேமும் திக்கும். இன்டெல் ஆர்க் ஏ380 விலைக்கு நல்ல கார்டு, ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுகும் வசதி) இல்லாத பழைய மதர்போர்டில் அதன் வேகம் மிகவும் சரிந்துவிடும்.

ஃபேனே இல்லாத கார்டும் உண்டு. பாலிட் நிறுவனம் 3050 6 ஜிபியில் கால்ம்எக்ஸ் என்று ஒன்று செய்கிறது. மதுரை வெயிலுக்கு, கேபினட்டில் மெதுவாகச் சுற்றும் ஒரு ஃபேனாவது அதன் மேல் காற்றை வீசிக்கொண்டிருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

அலுவலகங்களிலிருந்து கழித்த ஸ்லிம் சிஸ்டங்களை வாங்கியவர்கள் உயரம் குறைந்த கார்டுதான் போட முடியும். அதில் இருக்கும் ஃபேன்கள் சின்னவை, கீச்சுக் குரலில் இரையும். சில ஸ்லிம் மாடல்களின் மேனுவலில் ஸ்லாட்டுக்கு 75-ஐ விடக் குறைந்த வாட் வரம்பும் இருக்கும். இன்னும் சிஸ்டம் வாங்கவில்லை என்றால் டவர் மாடலாகத் தேடுங்கள். அமைதி வேண்டும் என்கிறவருக்கு ஸ்லிம் பெட்டி சரிப்படாது.

பழைய கார்டு வாங்கலாமா? வாங்கலாம், கவனத்தோடு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கார்டுகளை ஓட்டி கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பது) நின்றபோது, ஓயாமல் ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் முதலில் தேய்ந்திருப்பது ஃபேன் பேரிங். மதுரை டவுன்ஹால் ரோடு கடையோ, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ, எங்கே வாங்கினாலும் ஓட்டிக் காட்டச் சொல்லி, ஃபேனை முழு வேகத்துக்கு ஏற்றி, அப்படியே மெதுவாக இறக்கிக் கேளுங்கள். மெதுவாகச் சுற்றும்போதுதான் பேரிங் கடகடப்பு தெளிவாகக் கேட்கும். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு இசட் மென்பொருளையும் திறந்து பாருங்கள். பெயர் மாற்றி விற்கும் போலி என்விடியா கார்டுகளை அது காட்டிக்கொடுக்கும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 போன்ற 10 வரிசைக் கார்டுகளுக்குக் கேம்களுக்கான டிரைவர் மேம்பாடு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. பழையதில் எடுப்பதானால் 75 வாட்டில் ஜிடிஎக்ஸ் 1650-ஐப் பாருங்கள், அதற்கு டிரைவர் இன்னும் வருகிறது.

புது கார்டு மாட்டியபின் வரும் தொல்லைகள்

திரையில் ஒன்றுமே வரவில்லை: மானிட்டர் வயர் மதர்போர்டிலேயே செருகியிருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் அதுதான். பிறகு 8 பின் வயர், ஸ்லாட்டில் கார்டு முழுதாக இறங்கிப் பூட்டியிருக்கிறதா என்பது. பழைய மதர்போர்டு என்றால் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் தேவைப்படலாம்.

கேம் நடுவே சிஸ்டம் பட்டென்று அணைகிறது: எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லை. தற்காலிகமாகப் பவர் லிமிட்டை இறக்கிப் பாருங்கள். அணைவது நின்றால் சந்தேகம் உறுதி.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது மட்டும் உறுமுகிறது, அல்லது அணைகிறது: ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சீலிங் ஃபேன் உறுமுவதைக் கேட்டிருப்பீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸும் அப்படி உறுமலாம். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில, சைன் வேவ் அல்லாத யுபிஎஸ்ஸுக்கு மாறும் நொடியில் அணைந்துபோகும். இதைக் கார்டின் குறை என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

கார்டு வந்த முதல் வாரத்திலேயே மேலே சொன்ன சோதனைகளை எல்லாம் செய்துவிடுங்கள்: மூடிய கேபினட்டில் ஒரு மணி நேரக் கேம், ஃபேனை ஏற்றி இறக்கிக் கேட்பது, கேம் மெனுவில் கீச்சொலி வருகிறதா என்பது. ஜிஎஸ்டி பில்லில் கார்டின் சீரியல் எண் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். சீரியல் எண் இல்லாத பில்லோடு வாரண்டி கேட்டுப் போனால் அலைய விடுவார்கள்.